போஸ்டரில் இல்லாத ஆள்: கார்த்திக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கார்த்தி,

உன் அறைச் சுவரில் நீ ஒட்டியிருக்கும், பிரிட்டிஷ் கமாண்டோ படையான எஸ்.ஏ.எஸ்.ஸின் போஸ்டரை உன் அம்மா போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். "கமாண்டோ ஆனால்தான் ஆச்சு என்கிறான், மாமன்காரன் நீயாவது எடுத்துச் சொல்லு" என்று கூடவே ஒரு புலம்பல். நான் உன்னைத் தடுக்கப் போவதில்லை, பயப்படாதே. போஸ்டரில் அந்தப் படையைத் தொடங்கியவர் என்று சொல்லப்படும் டேவிட் ஸ்டெர்லிங் மட்டும் இருக்கிறாரே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும். உன் வயதுப் பையன்கள் இன்னும் நாலு பேர் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

ஜாக் லூயிஸ் என்று ஒருவர். 1913-ல் நம் கல்கத்தாவில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்து, ஆக்ஸ்போர்டில் படித்தவர். அங்கே படகோட்டும் சங்கத்துக்குத் தலைவர். வருடா வருடம் கேம்பிரிட்ஜோடு நடக்கும் படகுப் போட்டியில் ஆக்ஸ்போர்டு தொடர்ந்து 13 முறை தோற்றிருந்த நேரம் அது. 1937 போட்டிக்கு ஆள் எடுக்கும்போது, தன்னைவிடப் பொருத்தமானவன் இருக்கிறான் என்று தன் இடத்தையே விட்டுக்கொடுத்தார். அந்த வருடம் ஆக்ஸ்போர்டு ஜெயித்தது. தலைவர் கரையில் நின்று பார்த்தார்.

நல்லதை மட்டும் சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். அதே முப்பதுகளில் ஜெர்மனிக்குப் போய்வந்த இந்த மனிதருக்கு ஹிட்லரின் ஆட்சி மேல் ஒரு மயக்கம் இருந்தது. 1938 நவம்பரில் யூதர்களின் கடைகளையும் கோயில்களையும் அடித்து நொறுக்கினார்களே, அதற்குப் பிறகுதான் தெளிந்தார். படித்தவர், புத்திசாலி, அவருக்கே அவ்வளவு நாள் பிடித்தது.

இரண்டாம் உலகப் போர் நடந்த 1941-க்கு வருவோம். வட ஆப்பிரிக்காவில் ஜெர்மன் தளபதி ரோமெல் பிரிட்டிஷாரை விரட்டிக்கொண்டிருந்தார். ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் பாலைவனத்தில் திறந்தவெளித் தளங்களில் வரிசையாக நின்றன. சின்னச் சின்னக் குழுவாக ராத்திரியில் புகுந்து அவற்றைத் தரையிலேயே கொளுத்தினால் என்ன என்பதுதான் யோசனை. இந்தியாவுக்குப் போக வேண்டிய பாராசூட்டுகள் கொஞ்சம் எகிப்தில் இறங்கியிருந்தன. அவற்றை எப்படியோ கைப்பற்றி, குதித்துப் பார்க்க அனுமதியும் வாங்கியவர் லூயிஸ். ஸ்டெர்லிங் அதில் வந்து சேர்ந்துகொண்டவர். யாருக்கும் முறையான பயிற்சி கிடையாது. பாராசூட்டுக்கென்று அமைக்கப்படாத ஒரு பழைய விமானம். ஸ்டெர்லிங்கின் பாராசூட் விமானத்தின் வாலில் மாட்டிக் கிழிந்து, தரையில் மோதி, கால் அசையாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அந்தப் படுக்கையில் எழுதிய திட்டம்தான் பிறகு தளபதி ஆக்கின்லெக் கைக்குப் போய் ஒப்புதல் வாங்கியது. மேலிடத்தில் பேசிக் காரியம் சாதிக்கிற சாமர்த்தியம் ஸ்டெர்லிங்குடையது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இப்படிப் பிறந்த எஸ்.ஏ.எஸ். படையின் அன்றைய பெயரில் இருந்த 'பிரிகேட்' (ஆயிரக்கணக்கான பேர் கொண்ட படையணி) வெறும் புருடா. எதிரியைக் குழப்ப ஏற்கெனவே காகிதத்தில் உருவாக்கி வைத்திருந்த படை அது. உள்ளே இருந்ததோ அறுபத்துச் சொச்சம் ஆட்கள்.

அந்த அறுபது பேரை யார் தயார் செய்வது? ஸ்டெர்லிங் கெய்ரோவுக்கும் முகாமுக்கும் அலைந்துகொண்டிருக்க, சூயஸ் கால்வாயை ஒட்டிய கப்ரித் முகாமில் பயிற்சியெல்லாம் லூயிஸ் கையில். ராத்திரி முழுக்க நடை, முதுகில் மூட்டை, அளந்து கொடுத்த தண்ணீர். ஆட்களிடம் கேட்பதை முதலில் தான் செய்து பார்த்துவிடுவார். பாராசூட்டில் இறங்கிப் பழக ஓடும் லாரியிலிருந்து பின்பக்கமாகக் குதிக்க வைத்தார் பாரு, அது மட்டும் மடத்தனம் என்றுதான் சொல்வேன். கையும் காலும் முறிந்து பலர் படுத்துவிட்டார்கள். அக்டோபரில் நிஜ விமானத்திலிருந்து குதிக்கும்போது, பாராசூட்டை விரிக்கும் கயிற்றின் கொக்கி கழன்று இரண்டு பேர் விழுந்து செத்தார்கள். கொக்கியை மாற்றி, மறுநாளே குதித்தார்கள். முதல் ஆளாக ஸ்டெர்லிங்.

இப்போது எனக்குப் பிடித்த இடம். என்னைப்போல் பட்டறைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்! விமானத்தை ஒழிக்க அது வெடிக்கவும் வேண்டும், பற்றி எரியவும் வேண்டும். வெடி மட்டும் வைத்தால் இறக்கையில் ஓட்டை விழும், எதிரி அதை அடைத்து மறுபடி பறப்பான். தீக்குண்டு தனி, வெடிகுண்டு தனி என்று சுமந்தால் ஒரு ஆள் எத்தனை விமானத்துக்குக் கொண்டு போக முடியும்? இரண்டு வேலையையும் செய்கிற, தோள்பையில் போட்டுக்கொண்டு நடக்கக்கூடிய ஒரு சாமான் அன்று பிரிட்டிஷ் ராணுவத்திடம் இல்லை. லூயிஸ் ஒரு சின்னக் கொட்டகையில் உட்கார்ந்து கலந்து, பிசைந்து, வெடித்துப் பார்த்து, திரும்பக் கலந்தார். கடைசியில் அரைக் கிலோவுக்குள் ஒரு உருண்டை கிடைத்தது. பிசைந்த மாவுபோல இருக்கும், பெட்ரோல் டாங்க் இருக்கும் இடத்துக்கு மேலே இறக்கையில் வைத்துவிட்டு நடையைக் கட்டலாம். பென்சில் அளவில் ஒரு தாமதக் கருவி செருகியிருக்கும். நசுக்கினால் உள்ளேயிருக்கும் கண்ணாடிக் குப்பி உடைந்து, அதிலிருக்கும் அரிக்கும் திரவம் ஒரு மெல்லிய கம்பியைத் தின்னும். கம்பி அறுந்ததும் வெடிக்கும். அதற்குள் ஆள் இருட்டில் கரைந்திருப்பான். 'லூயிஸ் குண்டு' என்று இன்றும் அவர் பெயரில்தான் சொல்கிறார்கள்.

முதல் தாக்குதல் படுதோல்வி, அதையும் தெரிந்துகொள். 1941 நவம்பர் 16 ராத்திரி, பேய்க்காற்றிலும் மழையிலும் குதித்தார்கள். மூட்டைகள் ஒரு பக்கம், ஆட்கள் ஒரு பக்கம். கிடைத்த வெடியும் நனைந்து போயிற்று. ஒரு விமானத்தைக்கூடத் தொடவில்லை. திரும்பி வந்தவர்கள் பாதிக்கும் குறைவு. அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது பாலைவன ரோந்துப் படையின் லாரிகள். அப்புறம்தான் உறைத்தது: லாரியில் திரும்பி வர முடிகிறது என்றால் லாரியிலேயே போகவும் முடியுமே! பாராசூட்டை மூட்டை கட்டினார்கள். ஒரே மாதத்தில், டிசம்பர் 14 ராத்திரி, அதே படையின் பேடி மெய்ன் லிபியாவின் தமெத் விமானத் தளத்தில் 24 விமானங்களை நாசம் செய்தார். பெரும்பாலும் லூயிஸ் குண்டுதான் வேலை பார்த்தது.

லூயிஸுக்கு அந்த அதிர்ஷ்டம் அமையவில்லை. மாதக் கடைசியில் நோஃபிலியா தளத்துக்குப் போனார். விமானங்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தியிருந்தார்கள், இரண்டைத்தான் அழிக்க முடிந்தது. திரும்பும் வழியில் லாரிகளை எதிரி விமானம் கண்டுபிடித்துவிட்டது. குண்டு தொடையில் பாய்ந்து, ரத்தம் போய்ச் செத்தார். 28 வயது. மணலில் குழி தோண்டிப் புதைத்தார்கள், அந்த இடம் பிறகு கிடைக்கவே இல்லை. எகிப்தின் அலமெய்ன் நினைவகத்தில் பெயர் மட்டும் இருக்கிறது. மேலிடத்தில் பேச ஆள் இருந்தால் படை தொடங்கலாம், சரி. தொடங்கியது நிலைத்தது அந்தக் கொட்டகையில் நடந்த வேலையால் என்பது என் கட்சி. என் பேச்சை நம்ப வேண்டாம், எஸ்.ஏ.எஸ்.ஸைத் தொடங்கியவர் என்று சொல்லிக்கொள்ள தன்னைவிட ஜாக்குக்குத்தான் உரிமை அதிகம் என்ற பொருளில் ஸ்டெர்லிங்கே லூயிஸின் அப்பாவுக்கு எழுதியிருக்கிறார்.

போஸ்டரைக் கிழிக்காதே, பக்கத்தில் இடம் விட்டு வை. லூயிஸ் படம் ஒன்று நல்ல தெளிவாகக் கிடைத்திருக்கிறது, பிரிண்ட் போட்டு எடுத்து வருகிறேன். ஓட்டமும் தண்டாலும் நடக்கிறது என்று அம்மா சொன்னாள், அது போதாது. லீவில் பட்டறைக்கு வா, லேத்தில் நிற்கக் கற்றுத் தருகிறேன். அப்புறம், மெடிக்கலில் பல்லையும் எண்ணிப் பார்ப்பார்கள். அந்தச் சொத்தைக் கடைவாய்ப்பல்லை இந்த வாரமே டாக்டரிடம் காட்டிவிடு.

அன்புடன்,
மாமா