ஆறு மில்லிபார்

அன்புள்ள பாலு,

உன் கட்டு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் போடாமல் இருந்தது தப்புதான், மனசாரத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும். மூர்த்தி அண்ணன் கேட்ட வரைபடம் தனி உறையில் வருகிறது, சொல்லிவிடு.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க் கோள் பற்றிய கண்காட்சிக்கு நீ எழுதிய பன்னிரண்டு பலகைகளையும் இரண்டு முறை படித்தேன். நடை உன் நடை, அதில் கை வைக்க எனக்கு மனசில்லை. ஆனால் முதல் பலகையிலேயே "செவ்வாய் ஒரு குளிர்ந்த பாலைவனம்" என்று ஆரம்பிக்கிறாய். அங்கே பிடித்த தப்பு கடைசிப் பலகை வரைக்கும் கூடவே வருகிறது. படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்? கனமான கம்பளியும் போதுமான தண்ணீரும் எடுத்துப்போனால் சமாளித்துவிடலாம் என்றுதான் நினைக்கும். குளிர் அங்கே இரண்டாவது சங்கதி பாலு. முதல் சங்கதி காற்றின் மெலிவு. நம் கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 1013 மில்லிபார். அங்கே சராசரி 6. இந்த ஆறைக் கொண்டுபோய் முதல் பலகையில் பெரிதாக எழுது. உன் மற்ற பலகைகளில் பாதி அதிலிருந்தே இறங்கி வரும்.

தண்ணீரையே எடுத்துக்கொள். நீர் திரவமாக இருக்கக் குறைந்தது 6.1 மில்லிபார் அழுத்தம் வேண்டும். அதற்குக் கீழே பனிக்கட்டி, ஆவி இரண்டே நிலைதான். நடுவில் திரவம் கிடையாது. செவ்வாயின் சராசரி சரியாக அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. ஒரு குவளைத் தண்ணீரை அங்கே தரையில் ஊற்றினால் ஒரு பக்கம் கொதிக்கும், அந்தக் கொதிப்பே வெப்பத்தைப் பிடுங்கிக்கொள்வதால் மறுபக்கம் உறையும். உறைந்தது பிறகு உருகாமலே ஆவியாகிப் போகும். தெற்கில் உள்ள ஹெல்லாஸ் பள்ளத்தின் அடியில், சராசரி மட்டத்துக்கு 7 கிலோமீட்டருக்கும் கீழே, அழுத்தம் 12 மில்லிபார் அளவுக்கு ஏறுகிறது. அங்கேகூட தண்ணீர் 10 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும்.

இதைப் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சு எடு. தண்ணீரை முதலில் நன்றாகக் கொதிக்கவைத்து, 50 டிகிரிக்கு ஆறவிட்டு, 5 மில்லி உறிஞ்சிக்கொள். சிரிஞ்சை நிமிர்த்தி, உள்ளே இருக்கும் காற்றுக் குமிழியை முழுக்க வெளியேற்றி, நுனியை மூடியால் அடைத்துவிட்டுத் தண்டை இழு. தண்ணீர் குபுகுபுவென்று கொதிக்கும். கொதிக்கவைத்து ஆற்றும் படியைத் தவிர்த்தால் முதல் இழுப்பில் வருவது கரைந்திருந்த காற்றுதான், அதைக் கொதிப்பு என்று ஏமாறக் கூடாது. தண்ணீர் ரொம்ப ஆறிவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். 60 மில்லி சிரிஞ்சு வேண்டவே வேண்டாம். தண்டின் குறுக்களவு கூடக்கூட இழுக்கும் விசையும் கூடும். சின்னக் கைகளால் முடியாது. கடைசியில் ஒன்றை மறக்காமல் சொல்லச் சொல்: அந்தச் சிரிஞ்சுக்குள் இன்னும் 120 மில்லிபார் இருக்கிறது. செவ்வாய் அதைவிட இருபது மடங்கு மெலிவு.

அடுத்தது உன் மூன்றாம் பலகை. "95 சதவீதம் கரியமில வாயு இருப்பதால் பசுமைக்குடில் விளைவு மிகுதி" என்று போட்டிருக்கிறாய். இதைப் பார்த்ததும் நம் ராகவன் சார் மேசையைத் தட்டும் சத்தம் எனக்குக் கேட்டது! விகிதத்தை வைத்து முடிவு கட்டாதே. ஆனால் அளவை வைத்துக் கட்டினாலும் தடுமாறுவாய், அதுதான் இதில் சுவாரசியம். செவ்வாயில் ஒவ்வொரு சதுர மீட்டர் தரையின் மேலும் 150 கிலோவுக்கு மேல் கரியமில வாயு நிற்கிறது. பூமியில் அதே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை கிலோதான். இருபது மடங்குக்கும் மேல் வைத்துக்கொண்டும் செவ்வாய் பெறும் கதகதப்பு 5 டிகிரி அளவுதான். பூமி பெறுவது 33 டிகிரி. ஏன்? அழுத்தம் குறைந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதுவது குறையும். மோதல் குறைந்தால் அந்த வாயு உறிஞ்சும் ஒவ்வொரு அலைநீளக் கோடும் ஒல்லியாகிவிடும். கோடுகளுக்கு இடையிலுள்ள சந்து வழியாக வெப்பம் விண்வெளிக்கு நழுவிவிடும். அந்தச் சந்துகளை அடைக்க நம்மிடம் நீராவி இருக்கிறது, அங்கே பேருக்குத்தான் உண்டு. மறுபடியும் அந்த ஆறுதான்.

வெப்பநிலைப் பலகையில் சராசரி மைனஸ் 60 என்று ஒற்றை எண் போட்டு முடித்துவிட்டாய். எண் சரி, ஆனால் அதை அங்கே யாரும் உணர முடியாது. நடுக்கோட்டருகே கோடை நண்பகலில் தரை 20 டிகிரியைத் தொடும். அதே இடம் விடிவதற்குள் மைனஸ் 70, 80 என்று இறங்கிவிடும். வெப்பத்தைப் பிடித்துவைக்கக் கடலும் இல்லை, கனமான காற்றும் இல்லை. தூசித் தரை சட்டென்று சுட்டு சட்டென்று ஆறும். தரைக்கும் அதற்கு ஒரு ஆள் உயரம் மேலே உள்ள காற்றுக்கும் நண்பகலில் பெரிய இடைவெளி விழும்: பாதத்தில் வசந்தம், தலையில் உறைபனி. இந்தப் படத்தை வரை, பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன், நீ அடியோடு விட்டுவிட்ட இடம். அந்த ஆறு மில்லிபார் நிலையானது இல்லை. குளிர்காலத் துருவத்தில் வெப்பநிலை மைனஸ் 125-ஐ ஒட்டி இறங்கும்போது கரியமில வாயுவே உறைந்து தரையில் படிகிறது. செவ்வாயின் மொத்தக் காற்றில் நாலில் ஒரு பங்கு இப்படித் தரைக்கு வந்து, வசந்தத்தில் திரும்ப எழுகிறது. ஒரு கோள் தன் காற்றையே உறையவைத்து, திரும்ப ஊதி எழுப்புகிறது பாலு! 1976 ஜூலை 20-ஆம் தேதி இறங்கிய வைக்கிங் 1 கலத்தின் அழுத்தமானி இதை அப்படியே எழுதி வைத்தது (இறங்கியது தாழ்நிலம், அதனால் எண்கள் சராசரிக்கு மேலே): 6.8 மில்லிபாருக்கு இறங்கும், 9-க்கு ஏறும், அடுத்த செவ்வாய் ஆண்டும் அதே வளைகோடு. அந்த வளைகோட்டை ஒரு பலகை முழுக்கப் போடு. அதில் ஒரு பள்ளம் ஆழமாகவும் இன்னொன்று ஆழம் குறைந்தும் இருக்கும். சூரியனிலிருந்து செவ்வாயின் தூரம் 20.7 கோடி கிலோமீட்டருக்கும் 24.9 கோடிக்கும் இடையே மாறுகிறது. தொலைவில் போகும்போது கோள் மெதுவாக நகரும், அப்போதுதான் தெற்கில் குளிர்காலம். ஆகவே அது நீளம், உறையும் வாயுவும் அதிகம், ஆழமான பள்ளம் அதுதான். அச்சுச் சாய்வு 25 டிகிரி, நம்முடையதுபோலவே. அதை வைத்துப் பருவங்களும் நம்முடையவை போலத்தான் என்று நான்காம் பலகையில் எழுதியதைத் திருத்து. வடக்கில் வசந்தம் 194 செவ்வாய் நாள், இலையுதிர்காலம் 142 நாள். ஒரு நாள் 24 மணி 39 நிமிடம், ஆண்டு 687 புவிநாள்.

இந்த ஏற்ற இறக்கம் வெறும் ஏட்டுச் சங்கதி என்று நினைக்காதே. செவ்வாயில் பறந்த இன்ஜெனுவிட்டி ஹெலிகாப்டரைப் பார். எடை 1.8 கிலோ, இறக்கையின் நீளம் 1.2 மீட்டர், நிமிடத்துக்கு 2,537 சுற்று; பூமிக் காற்றில் நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லாத அடர்த்தியில் அப்படிச் சுற்றினால்தான் தூக்கும். 2021 பிற்பகுதியில் பருவம் மாறி அடர்த்தி நூற்றில் ஒரு பங்குக்கு இறங்கியபோது அந்தச் சுற்று போதவில்லை. 2,700-க்கு ஏற்றி, முதலில் ஒரு சின்னத் தாவலாகப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். எங்கோ துருவத்தில் காற்று உறைந்ததற்கு அது பறந்த ஜெசெரோ பள்ளத்தில் மோட்டார் வேகம் கூட்ட வேண்டியிருந்தது. கலம் இறங்குவதிலும் இதே தொல்லைதான். எரிக்கும் அளவுக்குக் காற்று உண்டு, நிறுத்தும் அளவுக்கு இல்லை. பெர்சிவரன்ஸ் ஊர்தியின் பாராசூட் 21.5 மீட்டர் அகலம். அதுவே மணிக்கு 320 கிலோமீட்டர் வரைக்கும்தான் வேகத்தைக் குறைத்தது. மிச்சத்தை ராக்கெட்டுகள் பார்த்துக்கொண்டன.

புயல் பலகையில் கூடாரம் பிய்த்துக்கொண்டு பறப்பதுபோல் படம் போட்டிருக்கிறாய். எடுத்துவிடு. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். காற்று தள்ளும் அழுத்தம் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வரும். செவ்வாயில் அடர்த்தி கன மீட்டருக்கு 0.02 கிலோ, பெரும்புயலின் வேகம் விநாடிக்கு 30 மீட்டர்: விடை 9 பாஸ்கல் (நூறு பாஸ்கல் ஒரு மில்லிபார்). நம் காற்றில் அதே 9 பாஸ்கலைத் தர விநாடிக்கு 4 மீட்டர் போதும். இலை அசையும், தாள் பறக்கும், அவ்வளவுதான். அங்கே புயலின் ஆபத்து தள்ளுவதில் இல்லை, மறைப்பதில் இருக்கிறது. சில மைக்ரான் அளவே உள்ள இரும்பு ஆக்சைடு தூசி வாரக்கணக்கில் மிதக்கும். வெயிலை வாங்கிச் சூடான தூசி காற்றைச் சூடாக்கும், காற்று இன்னும் வேகமாக வீசும், இன்னும் தூசி எழும். தெற்குக் கோடையில், கோள் சூரியனுக்கு அருகில் இருக்கும்போது, இது கோள் முழுவதையும் மூடிவிடுவது உண்டு. 1971 நவம்பரில் மரைனர் 9 விண்கலம் போய்ச் சேர்ந்தபோது தூசிக்கு மேலே தெரிந்தவை நான்கு எரிமலை உச்சிகள் மட்டும். 2018 புயலில் ஆப்பர்ச்சுனிட்டி ஊர்தியின் சூரியத் தகடுகள் கடைசியாகத் தந்த மின்சாரம் நாளுக்கு 22 வாட்-மணி. ஜூன் 10-க்குப் பிறகு அது பேசவே இல்லை. அதே நேரத்தில் புளூட்டோனிய வெப்பத்தில் ஓடும் கியூரியாசிட்டி ஊர்தி வேலையைத் தொடர்ந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை.

நிலவடிவங்களில் எழுத்துக்குக் குறையில்லை, மாதிரிகள்தான் தவறு. ஒலிம்பஸ் எரிமலையைக் கூம்பாகச் செய்திருக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்: அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 2.2 சென்டிமீட்டர், உச்சிக் குழி 8-க்கு 6 சென்டிமீட்டர், அதன் ஆழம் 3 மில்லிமீட்டர். கவிழ்த்த தாம்பாளம் மாதிரிதான் வரும். சரிவு சராசரி 5 டிகிரி. விளிம்பில் மட்டும் சில மில்லிமீட்டர் செங்குத்தாக வெட்டிவிடச் சொல், நிஜத்தில் அங்கே பல கிலோமீட்டர் உயரப் பாறைச் சுவர் இருக்கிறது. செவ்வாய் சின்னக் கோள் என்பதால் நிற்கிறவருக்குத் தொடுவானம் மூன்றரை கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். மலை மேல் நின்றால் மலை என்றே தெரியாது. அத்தனை பெரிதாக வளர்ந்ததற்குக் காரணமும் சேர்: மேலோட்டுத் தட்டுகள் நகராததால் எரிகுழம்பு ஒரே இடத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கொட்டிக்கொண்டே இருந்தது. வாலஸ் மரைனரிஸ் பள்ளத்தாக்கை "ஆறு அறுத்த பள்ளம்" என்று போட்டது பிழை. பக்கத்தில் தார்சிஸ் மேடு எழும்பியபோது மேலோடு விரிந்து பிளந்ததே முதல் காரணம். சரிவுகளும் வெள்ளமும் பிறகு அகலப்படுத்தின. நீளம் 4,000 கிலோமீட்டர், ஆழம் 7. சென்டிமீட்டருக்கு 50 கிலோமீட்டர் அளவில் 80 சென்டிமீட்டர் நீளப் பலகையில் ஆழம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. ஆழத்தைப் பெரிதாக்கத்தான் வேண்டும், எத்தனை மடங்கு என்பதைப் பலகையிலேயே எழுதிவிடு.

கடைசியாகப் பத்தாம் பலகை, "செவ்வாயில் ஓடும் நீர்". கோடையில் சரிவுகளில் நீளும் கரும்பட்டைகளின் படத்தைப் போட்டிருக்கிறாய். 2015-இல் அவற்றை உப்பு நீரின் அடையாளம் என்று அறிவித்தது உண்மை. ஆனால் 2017-இல் சரிவுக் கோணங்களை அளந்து பார்த்ததில், உலர்ந்த மணல் சரியும் அளவுக்குச் செங்குத்தாக உள்ள இடங்களில் மட்டும்தான் அவை வருகின்றன, சரிவு குறைந்ததும் நின்றுவிடுகின்றன என்று தெரிந்தது. தண்ணீராக இருந்தால் இன்னும் கீழே ஓடியிருக்கும். அதை எடுத்துவிட்டு ஃபீனிக்ஸ் கலத்தின் இரண்டு படங்களைப் போடு. 2008-இல் வடக்கே 68 டிகிரியில் இறங்கி, சில சென்டிமீட்டர் தோண்டியதும் வெள்ளைக் கட்டிகள் தெரிந்தன. நாலே நாளில் அவை காணாமல் போயின. உப்பாக இருந்தால் அங்கேயே கிடந்திருக்கும். பனிக்கட்டி, அதனால் ஆவியாகிப் போனது. முதல் பலகையில் 6.1 படித்த பிள்ளை, நீ சொல்லாமலே இந்தப் படத்தைப் புரிந்துகொள்ளும். பழைய ஆறுகளுக்குச் சான்றாக ஜெசெரோவில் உள்ள வண்டல் கழிமுகம் போதும், அந்தப் பத்தி அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்று: அந்திவானத்துக்குச் சிவப்பு பூசியிருக்கிறார்கள். பகலில்தான் அங்கே வானம் மங்கிய பழுப்பு. மறையும் சூரியனைச் சுற்றி நீலம். அந்த நுண்தூசி நீல ஒளியை அதிகம் விலக்காமல் முன்னோக்கியே சிதறவிடுகிறது, அதனால் அது சூரியனை ஒட்டியே தெரிகிறது. ஓவியம் வரைகிறவரிடம் இன்றே சொல்லிவிடு, வண்ணம் காய்ந்தபின் மாற்றுவது கஷ்டம்.

வைக்கிங் வளைகோட்டை நானே வரைந்து இந்த வாரம் அனுப்புகிறேன். திருத்திய ஒன்றும் மூன்றும் பத்தும் வரட்டும், மற்றவற்றை அதற்குப் பிறகு பார்ப்போம். செல்விக்கு என் விசாரிப்பு.

உன்,
சிவா