வெள்ளிக்கிழமை வேத தியானம்

அன்பான சகோதர சகோதரிகளே, ஸ்தோத்திரம். இந்த வெள்ளி மாலை 7 மணிக்கு மத்தேயு 7:24-27, லூக்கா 6:47-49 பகுதிகளைத் தியானிக்கிறோம்: ஒருவர் பாறையின்மேலும் மற்றவர் அஸ்திபாரமில்லாமலும் வீடு கட்டிய உவமை. இரண்டையும் வாசித்துவிட்டு வாருங்கள். 'ஆழமாய்த் தோண்டி' என்பது லூக்காவில் மட்டுமே வருகிறது. அந்த இரண்டு வார்த்தைகள் ஒரு வாரமாக என்னை விடவில்லை.

பாலஸ்தீனத்தில் கோடையில் வறண்டு கிடக்கும் ஓடை, மாரிக்காலத்தில் திடீரென்று பெருக்கெடுக்கும். அதுவரை இரண்டு வீடுகளும் ஒன்றுபோலத்தான் நிற்கும். எங்கள் தெருவில் கடைக்கால் தோண்டுகிறார்கள். நான்கு நாளாகியும் வெளியே தெரிவது மண்குவியல்தான். விடியற்கால ஜெபமும் அப்படித்தான், யார் கண்ணுக்கும் தெரியாது.

உவமையில் இருவருமே வசனத்தைக் கேட்டவர்கள்; கேட்டபடி செய்தவர் ஒருவரே. இந்த வாரம் நீங்கள் கைக்கொண்ட ஒரு வசனத்தைப் பகிர்ந்துகொள்ள ஆயத்தமாக வாருங்கள். வழக்கமான வீட்டில்தான் கூடுகிறோம்.