கவுண்டருக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது.

ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு ‘அன்பாகப் பேசுவது எப்படி’ என்று வகுப்பு எடுக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். வகுப்பே வேண்டாம் என்பேன். சிரிக்கச் சொல்லிக்கொடுத்தால் ஒரு வாரம் சிரிப்பார்கள். எதிரில் நிற்பவர் எதற்குப் பதறுகிறார் என்று தெரியாதவரை அது நிலைக்காது.

அமெரிக்காவின் கைசர் பெர்மனன்ட்டே என்ற மருத்துவ நிறுவனம், ஐடியோ என்ற வடிவமைப்பு நிறுவனத்தோடு சேர்ந்து, தன் நான்கு மருத்துவமனைகளில் நர்சுகள் டியூட்டி மாறும் நேரத்தைக் கவனித்தது. புதிதாக டியூட்டிக்கு வந்தவர்கள் முதல் 45 நிமிடம் நர்ஸ் ஸ்டேஷனிலேயே விவரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். துண்டுத்தாளிலும், சில சமயம் உடுப்பிலும்கூடக் குறித்துக்கொண்டார்கள். அவ்வளவு செய்தும், நோயாளி முந்தைய ஷிப்டில் எப்படி இருந்தார், கூட யார் இருக்கிறார்கள் என்பது பலமுறை விட்டுப்போனது. படுத்திருப்பவர்களுக்கோ அந்த நேரத்தில் தங்களைக் கவனிக்க ஆளே இல்லாதது போலிருந்தது.

கவனித்த குழுவில் முன்னாள் நர்ஸ் ஒருவரும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் இருந்தார்கள். வார்டு ஊழியர்களும் கூடவே வேலை செய்தார்கள். கடைசியில் விவரம் சொல்வதை நோயாளியின் முன்னிலைக்கே கொண்டுபோனார்கள். ஒரே வாரத்தில் மாதிரி தயார். நர்ஸ் வந்ததற்கும் நோயாளியிடம் முதலில் போவதற்கும் இடையிலான நேரம் பாதிக்கும் கீழே இறங்கியது. பரிவைப் பற்றி உபதேசம் செய்வதைவிட, நிற்கும் இடத்தை மாற்றியது எவ்வளவு பெரிய காரியம் பார்!

பாட்ரிசியா மூரையும் நினைத்துக்கொள்கிறேன். 1979இல், 26 வயதில், மூதாட்டி வேடம் போட்ட வடிவமைப்பாளர். பார்வை மங்கும் கண்ணாடி, காதில் அடைப்பு, மடக்க முடியாத கால்கள் என்று 1982 வரை நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் நடந்து பார்த்தார்.

உன் ஊழியர்களுக்கு அவ்வளவு தேவையில்லை. பழைய கண்ணாடியில் வாசலின் தடவி, காதில் பஞ்சு வைத்து, ஓ.பி. சீட்டிலிருந்து மருந்து வாங்குவது வரை ஒரு சுற்று போய்வரட்டும். எங்கே நின்றார்கள், எங்கே வழி தெரியவில்லை, யாரிடம் கேட்கத் தயங்கினார்கள் என்று சார்ட்டில் வரையட்டும். ஆனால் அரை மணி நேரம் நடித்தால் முதுமை புரிந்துவிடாது. அந்த சார்ட்டை உண்மையான நோயாளிகள் சிலரிடம் காட்டி, விட்டுப்போனது என்ன என்று கேட்க வேண்டும். அதைத் தவிர்த்தால் மிஞ்சுவது இரக்கம்தான். அது போதாது.

அப்புறம், மேலிடத்தில் ஒன்றை முன்பே கேட்டு வாங்கிவிடு. ஊழியர்கள் சொல்லும் மாற்றங்களில் ஒன்றிரண்டையாவது அந்த மாதமே செய்துபார்க்க அனுமதி வேண்டும். அது இல்லாமல் இறங்காதே. கூட்டத்தின் கஷ்டம் புரிந்தும் எதையும் மாற்ற முடியாமல் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அந்தப் புரிதலே இன்னொரு பாரம்.

பொங்கலுக்கு வருகிறேன். அதற்குள் ஒரு சுற்று முடிந்திருந்தால் அந்த சார்ட்டுகளை எடுத்து வை, சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
மல்லிகா