நாகப்பட்டினம் விசைப்படகு உரிமையாளர் சங்கம்: 2024–25 செயலாளர் ஆண்டறிக்கை

பெரியோர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். முகத்துவாரத்தைத் தூர்வாரக் கேட்டுக் கொடுத்த மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஆளில்லாமல் கட்டிக்கிடக்கும் படகுகளைக் கரையிலிருந்தே கண்காணிக்கும் ஏற்பாட்டைப் பற்றித்தான் இன்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கை. அந்த நாட்களில் கடுவையாற்றில் படகுகளை அணைத்துக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். ஒன்று மூழ்கினால் பக்கத்துப் படகையும் இழுக்கும். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை 2023 நவம்பரில் விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகம் காட்டியது. ஒரே இரவில் சுமார் 40 படகுகள் எரிந்தன.

படகில் இருக்கும் செயற்கைக்கோள் கருவியான இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர் போதாதா என்று சிலர் கேட்டீர்கள். அது கடலில் நாம் இருக்கும் இடத்தைச் சொல்லும், புயல் செய்தி தரும், ஆபத்தில் உதவி கேட்க உதவும். கட்டிக்கிடக்கும் படகுக்குள் அடியில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

அதற்காகத்தான் தண்ணீர் ஏறினால் தானாகவே இயங்கும் மிதவை சுவிட்ச் இரண்டை ஒவ்வொரு படகிலும் வைத்தோம். கீழே இருப்பது பம்பை ஓட்டும். அதற்கு மேலே இருப்பது பம்பால் சமாளிக்க முடியாதபோது போனுக்குச் செய்தி அனுப்பும். இவற்றைவிட, பம்பு எத்தனை தடவை ஓடியது என்ற கணக்குதான் நமக்கு அதிகம் உதவியது. ஃபெஞ்சல் புயல் மழை விட்ட பிறகும் ஒரு படகில் அந்தக் கணக்கு குறையவில்லை. மேல் மிதவை நனையவே இல்லை. ஆனாலும் அன்றைக்குக் கண்காணிப்பு முறையில் இருந்த தம்பி டார்ச்சோடு இறங்கிப் பார்த்தார். விசிறியைச் சுற்றும் சாப்ட் வெளியே போகிற இடத்தில், தண்ணீரைத் தடுக்கும் பேக்கிங் தேய்ந்து, நூல் பிடித்தாற்போலத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டிருந்தது. அப்போதைக்கு நட்டை இறுக்கி, மறுநாள் பேக்கிங்கை மாற்றினார்கள்.

பேட்டரி செத்தால் பம்பும் நின்றுவிடும். நிறைந்த 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 காட்டும், 12.2-க்கு இறங்கினால் பாதி தீர்ந்துவிட்டது, அப்போதே செய்தி வரும். அதனால் செய்தி அனுப்பும் கண்காணிப்புப் பெட்டிக்குத் தனி பேட்டரி கட்டாயம்.

கேமராவை அபாய மணியாக நம்ப வேண்டாம். கொக்கு உட்கார்ந்தாலும், பக்கத்துப் படகு ஆடினாலும் அது கூப்பிடும். சென்சார் செய்தி வந்ததும் உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் கேமரா. கட்டுக்கயிறும் படகின் பக்கவாட்டில் அடித்த வெள்ளைக் கோடும் தெரியும்படி ஒன்று போதும். கோடு தண்ணீருக்குள் போனால் படகு தாழ்ந்துவிட்டது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் லென்சைத் துடையுங்கள். உப்பு படிந்தால் ஒன்றும் தெரியாது.

காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு பெட்டியும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புகிறது. வராவிட்டால் ரீசார்ஜ் தீர்ந்திருக்கலாம், பெட்டியே தண்ணீரில் இருக்கலாம். எதுவானாலும் நேரில் போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

இனிக் காவலாளி எதற்கு என்று செயற்குழுவில் ஒரு கருத்து வந்தது. நான் அதை ஏற்கவில்லை. செய்தி போனுக்கு வரும். கயிறை இழுத்துக் கட்டவும் பம்பைத் தூக்கிக்கொண்டு ஓடவும் மனிதர்தான் வேண்டும். காவலாளிகள் இருவருக்கும் சம்பளத்தை உயர்த்தித் தரச் செயற்குழு பரிந்துரைக்கிறது.

வரும் தடைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு உரிமையாளரும் வீல்ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) மாற்றுச் சாவியைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து, இரவு முறைப் பட்டியலில் பெயர் எழுத வேண்டும். புகை சென்சார் வாங்கும் தீர்மானத்தையும் இவ்வறிக்கையையும் பொதுக்குழு ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்