வாடகை உடையும் ஹான்போக்கின் தையலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரிய உடைகளின் நேற்றையும் இன்றையும் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். ஆனால், சியோல் நகரின் கியோங்போக்குங் அரண்மனையைச் சுற்றியுள்ள கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும் பளபளப்பான உடைகளை கொரிய மரபுடையான ‘ஹான்போக்கின் நவீன வடிவம்’ என்று கட்டுரையாளர் குறிப்பிட்டிருப்பதைத் தையல் கற்பிக்கும் என்னால் ஏற்க இயலவில்லை.

ஹான்போக் காலந்தோறும் மாறி வந்த உடைதான். பழங்கொரிய அரசான கோகுர்யோவின் காலத்துக் கல்லறைச் சுவரோவியங்களில் ஜொகோரி என்னும் மேற்சட்டை இடுப்புக்குக் கீழே இறங்கி, கச்சையால் கட்டப்பட்டிருக்கிறது. ஜோசோன் அரசின் பிற்காலத்தில் ஷின் யுன்-போக் தீட்டிய ஓவியங்களிலோ அதே சட்டை மார்பளவுக்குக் குறுகிவிட, சிமா என்னும் பாவாடை குடம்போல் பருத்து நிற்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், படிக்கவும் விளையாடவும் வந்த மாணவியருக்காகச் சிமாவின் நீளம் குறைக்கப்பட்டு, மார்பை இறுக்கிய கட்டுக்குப் பதிலாகத் தோளில் தாங்கும் பட்டைகள் சேர்க்கப்பட்டன. இவற்றையெல்லாம் வளர்ச்சி என்றே நான் மதிக்கிறேன்.

இத்தனை மாற்றங்களிலும் கைவிடப்படாதது வெட்டும் முறை. மேலைநாட்டுத் தையலில் துணியை உடலின் வளைவுக்கேற்ப வெட்டி இறுக்குவார்கள். ஹான்போக்கில் பெரும்பாலும் நேர்க்கோட்டுத் துண்டுகளாகவே துணி வெட்டப்படும், உடலில் அணிந்து நாடாவால் கட்டிய பிறகே அதற்கு உருவம் வரும். அதனால்தான் அக்காலக் கொரியப் பெண்கள் நல்ல உடைகளைத் தையல் பிரித்துத் துவைத்து, கஞ்சியிட்டு, கல்லின்மேல் வைத்துக் கட்டைகளால் தட்டி மெருகேற்றி, மீண்டும் தைத்து அணிய முடிந்தது. எளிதில் அழுக்காகும் கழுத்துப் பகுதியில் தைக்கப்படும் டோங்ஜோங் என்னும் வெள்ளைப் பட்டையை மட்டும் தனியே மாற்றிக்கொள்ளவும் வழி இருந்தது. இவ்வளவு சிந்தித்துச் செய்த உடை வேறெங்கும் அரிது என்பேன்.

வாடகை உடைகள் பலவற்றில் பாவாடைக்குள் கம்பி வளையம் இருக்கிறது, முதுகில் பெரிய ரிப்பன் முடிச்சு தொங்குகிறது, பாலியஸ்டர் துணியில் தங்க நிறம் அச்சிடப்பட்டிருக்கிறது. அது மேலைநாட்டு விருந்து உடையின் கட்டமைப்பு. 2013 முதல் ஹான்போக் அணிந்து வருவோருக்கு அரண்மனைகளில் கட்டணமில்லா அனுமதி உண்டு; இளைஞர்களை மரபுடையின்பால் ஈர்த்த அந்த நல்ல சலுகையே மலிவான உடைகளுக்கும் பெரும் சந்தையைத் திறந்துவிட்டது. இவை ஹான்போக்கின் இயல்பைச் சிதைக்கின்றன என்று அந்நாட்டு மரபுரிமைத் துறையின் தலைவரே 2024இல் வெளிப்படையாகக் கவலை தெரிவித்தார். அணிந்து மகிழும் பயணிகளை நான் குறை கூறவில்லை. அவர்களுக்கு வேறு எதுவும் காட்டப்படுவதில்லை என்பதே என் வருத்தம்.

நவீனத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமெனில், 1993இல் பாரிஸ் ஆடை அரங்கேற்றத்தில் பங்கேற்ற கொரிய ஆடை வடிவமைப்பாளர் லீ யங்-ஹீ அவர்களைச் சொல்லியிருக்கலாம். ஜொகோரியை நீக்கிவிட்டுச் சிமாவை மட்டும் தனி ஆடையாக அணிவித்த அவருடைய துணிவு, மரபைக் கற்றுத் தேர்ந்த கையிலிருந்து வந்தது. இன்று அன்றாட வேலைக்கேற்ற ஹான்போக் தைக்கும் இளம் வடிவமைப்பாளர்களும் அந்த வழியில் வந்தவர்களே. கட்டுரையில் இவர்களுக்கு ஒரு வரிகூட இல்லாதது பெருங்குறை.

கொரிய உடைகளைப் பற்றி மீண்டும் எழுதும்போது, சியோலின் குவாங்ஜாங் சந்தையில் அளவெடுத்து ஹான்போக் தைத்துத் தரும் கடைகளையும், 2011இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்ற ஹான்சான் பகுதியின் மோசி என்னும் நார்த்துணி நெசவையும் விரிவாக அறிமுகப்படுத்துமாறு வேண்டுகிறேன். செடியின் பட்டையை உரித்து, பல்லால் நுண்ணிழைகளாகக் கிழித்து, கோடைக்கேற்ற மெல்லிய துணியாக நெய்யும் பெண்களின் உழைப்பு தமிழ் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
திருச்சிராப்பள்ளி