அந்த டிவிஎஸ் 50 ஞாபகம் இருக்கா மாப்ள

மாப்ள, எப்படிடா இருக்க. தங்கச்சிக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு அம்மா சொன்னாங்க, சந்தோசம். இங்க எல்லாரும் நல்லாருக்கோம், மழதான் இல்ல.

போன ஞாயித்துக்கிழம கரண்ட் போச்சுன்னு மொட்டமாடிக்கு ஏறுனேன், அங்க என் பொண்ணும் அவகூட பிளஸ் ஒன் படிக்கிற நாலு பேரும் ஒரே சண்ட. அவங்க கிளாஸ் பையன் ஒருத்தன், 16 வயசு, அப்பா ஸ்கூட்டர எடுத்துட்டு போயி ஒரு பெரியவர இடிச்சு கால ஒடச்சிட்டான், இப்ப அவங்கப்பா நான்தான் ஓட்டுனேன்னு ஸ்டேஷன்ல சொல்லப் போறாராம். பின்னாடி உக்காந்து போனவன் இந்த கூட்டத்துலதான் இருக்கான், போலீஸ் கேட்டா அவன் என்ன சொல்றதுன்னு பஞ்சாயத்து.

ஒருத்தன் சொல்றான், ஃப்ரெண்ட காட்டிக் குடுக்கறவன்லாம் மனுசனா, பையனுக்காக பழிய ஏத்துக்குறாருடா அவரு, அப்பான்னா அப்படி இருக்கணும்னு. என் பொண்ணு உடனே போன எடுத்து மோட்டார் வாகன சட்டத்த வாசிக்கிறா, 2019ல திருத்துனாங்கல்ல, அந்த 199ஏ, மைனர் ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா அப்பாவோ வண்டி ஓனரோதான் குத்தவாளி, 3 வருசம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூவா ஃபைன், ஆர்சி 12 மாசத்துக்கு கேன்சல், பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது. "அப்ப அவரு பையன மட்டுமா காப்பாத்துறாரு, தன்னையும்தான் காப்பாத்திக்கிறாரு"ன்னா பாரு, எனக்கே இது தோணல. தனக்குத் தெரியாம எடுத்துட்டான்னு காட்டுனா தப்பிக்கலாமாம், ஆனா சாவி எப்பவும் டிவி மேலதான் கெடக்குமாம். 16 வயசுல லைசென்ஸ் எடுக்கலாமேன்னு இன்னொருத்தன், அது கியர் இல்லாத 50 சிசி வண்டிக்குடா, இது 110ன்னு அவன அமுக்கிட்டாங்க.

பின்னாடி உக்காந்தவன் மட்டும் வாயத் தொறக்கவே இல்ல மாப்ள. அவன் மூஞ்சியப் பாத்ததும் எனக்கு நீதான் ஞாபகம் வந்த. 93ல கம்மாக்கரையில அந்த டிவிஎஸ் 50ய பால்காரர் சைக்கிள்ல விட்டேனே, கேனு உருண்டு ரோடெல்லாம் பாலு, நீ ‘நிறுத்துறா நிறுத்துறா’ன்னு முதுகுல குத்துன, நான் நிறுத்தல. நமக்கு அப்ப 15கூட ஆகல. நீ இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல, நானும் அத நட்புன்னுதான் நெனச்சிட்டிருந்தேன்.

பொண்ணு திடீர்னு திரும்பி, "நீங்க அவன் எடத்துல இருந்தா என்னப்பா சொல்லுவீங்க"ன்னுட்டா. நல்லவேளை கரண்ட் வந்துச்சு, டீ போடவான்னு கேட்டுட்டு எறங்கி வந்துட்டேன்.

அந்த பால்காரர் இன்னும் அங்கதான் இருக்காராடா? தெரிஞ்சா எழுது.