கிங்காங் தோற்ற கதை

அன்புள்ள குமரேசா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தெரிந்து நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே. இங்கே எல்லாரும் நலம். பேரன்தான் டிவியில் மல்யுத்தம் ஓடினால் சோற்றையே மறந்துவிடுகிறான்.

சிங்கப்பூர் கேலாங்கில் ஹாப்பி வேர்ல்ட் கேளிக்கைப் பூங்கா இருந்த பக்கம் போனதாக எழுதியிருந்தாய். எனக்கு உடனே கிங்காங் பயில்வான் ஞாபகம். அங்கே அவருடைய குஸ்தியைப் பார்த்த கதையை உன் அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார்! ஒவ்வொரு தடவையும் கிங்காங் சாப்பிட்ட முட்டையும் கோழியும் கூடிக்கொண்டே போகும்.

ஆள் ஹங்கேரிக்காரர். 1909இல் பிறந்தவர். நிஜப் பெயர் எமில் சாயா. 1933இல் வந்த ஹாலிவுட் குரங்குப் படத்தின் பெயரை வைத்துக்கொண்டு கோதாவில் இறங்கினார். எடை 200 கிலோவை ஒட்டி. ஐரோப்பாவில் பிறந்தாலும், பேரும் புகழும் சம்பாதித்தது இந்தியாவிலும் மலாயாவிலும் சிங்கப்பூரிலும்தான்.

நம் ஊரில் யாரைக் கேட்டாலும் தாராசிங்தான் பெரிய பயில்வான். சரி, மறுக்கவில்லை. அவரும் 1940களின் கடைசியில் சிங்கப்பூருக்கு வந்து டிரம் தொழிற்சாலையில் வேலை பார்த்து, அங்கே கிரேட் வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் குஸ்தி பழகியவர்தானே. ஆனால் 1950களில் இரண்டு பேரும் மோதியபோது கிங்காங்குக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. தாராசிங் பத்தொன்பது வயது இளையவர், 130 கிலோ. அவர் கிங்காங்கைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றினார் என்பதுதான் ஊரெல்லாம் பரவிய கதை. 200 கிலோ ஆளை அப்படித் தூக்க வேண்டுமென்றால் தூக்கப்படுகிறவரும் கொஞ்சம் மனசு வைக்க வேண்டாமா? நீ நாடகம் என்பாய். இருக்கட்டுமே! அந்த நாடகத்தில் கஷ்டமான வேஷம் யாருக்கு? தாராசிங்குக்குக் கை தட்டினால் போதும். கிங்காங்கைத் திட்டித் தீர்க்கவே காசு கொடுத்து டிக்கெட் வாங்கினார்கள் ஜனங்கள். ஊர் ஊராகப் போய் வசவு வாங்கி, மறுபடியும் சவால் விட்டு, அடுத்த ஊரிலும் கூட்டத்தைச் சேர்ப்பது சாதாரண வேலை இல்லை. அப்படி ஒரு மலை எதிரே நிற்காமல் போயிருந்தால் தாராசிங் தூக்குவதற்கு என்ன இருந்திருக்கும்?

இன்னொரு வேடிக்கை கேள். 1962இல் தாராசிங் கதாநாயகனாக நடித்த இந்திப் படத்தின் பெயரே ‘கிங்காங்’. எதிராளியின் பெயரைப் போட்டால்தான் போஸ்டரில் எடுபடும் என்று டைரக்டர் பாபுபாய் மிஸ்திரி கணக்குப் போட்டிருப்பார் என்பது என் ஊகம்.

கிங்காங் ஒரு கார் விபத்தில் அடிபட்டு, 1970 மே மாதம் சிங்கப்பூரில் இறந்துபோனார். அப்போது அறுபதை ஒட்டிய வயது. தாராசிங் அப்புறம் 1987இல் தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமாராக வந்தார், மாநிலங்களவை உறுப்பினரும் ஆனார். பேரனுக்கு அனுமாரைத் தெரிகிறது, கிங்காங்கைத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் உட்காரவைத்துச் சொன்னேன். “ஜெயித்தது யார் தாத்தா?” என்று மட்டும் கேட்டுவிட்டு ஓடிவிட்டான்.

உன் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய குஸ்தி நோட்டீஸ் ஏதாவது இருந்தால் படம் எடுத்து அனுப்பு. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். பொங்கலுக்கு வருகிறாயா, இல்லையா? அதை முதலில் எழுது.

அன்புடன்,
சண்முகம்